மூர்ட்டன்: மதிலுக்கு உள்ளே திருவிழா, வெளியே எலும்பு

பெர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே இருக்கிற சதுக்கத்துக்குப் பேர் பூபன்பெர்க்பிளாட்ஸ். ட்ராம் பிடிக்கிறது, யாருக்காவது காத்திருக்கிறது, மழைக்கு ஒதுங்குறது எல்லாமே அங்கேதான். தினம் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பேர்ப்பலகையைத் தாண்டிப் போகிறார்கள். அது ஒரு ஆளோட பேர் என்று யாருக்கும் தோணுறதில்லை. நம்ம ஊரில் ஸ்பென்சர் பிளாஸா போறவங்க யாராவது "ஸ்பென்சர் யாருங்க?"ன்னு கேட்டிருக்கோமா என்ன :-)

நான் பெர்னில் படித்துக்கொண்டிருந்தபோது பகுதி நேரமாக ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அங்கே சமையற்கட்டில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். எண்பதுகளில் வந்தவர். பெர்ன் ஜெர்மன் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. "தம்பி, பூபன்பெர்க் ஆர் எண்டு தெரியுமோ? ஒருக்கா மூர்ட்டனுக்குப் போயிட்டு வாங்கோ. என்ர மகள் பள்ளிக்கூடத்தில படிச்சவள். நல்ல கதை" என்று சொன்னார். அப்படித்தான் 2019 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பாதிக் கட்டண அட்டையும் முதல் நாள் மிஞ்சிய ரொட்டியும் பையில் போட்டுக்கொண்டு மூர்ட்டனுக்கு ரயில் ஏறினேன். முக்கால் மணி நேரத்துக்கு உள்ளான பயணம்.

போகிற வழியெல்லாம் மூடுபனி. ஆல்ப்ஸுக்கும் ஜூரா மலைக்கும் நடுவில் இருக்கிற தாழ்ந்த நிலத்தில் குளிர்காலம் முழுக்க இப்படித்தான். மேலே மலையில் வெயில் பளீர்னு அடிக்கும், கீழே ஒரு வாரம் சூரியனையே பார்க்க முடியாது. வசதி உள்ளவர்கள் பனிச்சறுக்குக்கு மேலே போய்விடுவார்கள். மாணவர்கள் கீழேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கோட்டை ஊரைப் பார்க்க மூடுபனி மோசமான நேரம் இல்லை. சுற்றுலாக் கூட்டம் கிடையாது. பெட்ரோல் பங்க்கும் புதுக் கட்டடங்களும் கண்ணுக்குத் தெரியாது. மதில் மட்டும் திடீர்னு முன்னால் வந்து நிற்கும்.

மூர்ட்டன் சின்ன ஊர். ஜெர்மனில் மூர்ட்டன், பிரெஞ்சில் மோரா. இரண்டு மொழிக்கும் நடுவில் ஓடுகிற எல்லைக்கோடு சரியாக இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஊரை உண்டாக்கியவர் ட்ஸேரிங்கன் வம்சத்து நான்காம் பெர்ஷ்டோல்ட் என்ற பிரபு, 1170க்கும் 1190க்கும் இடையில். பெர்ன், ஃப்ரிபூர் எல்லாமே அந்தக் குடும்பத்துக்காரர்கள் கட்டிய ஊர்கள்தான். அதனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நீளமான ஒரு பெரிய தெரு, இரண்டு பக்கமும் வளைவு வைத்த நடைத் தாழ்வாரம், அதுக்கு இணையாகச் சின்னத் தெருக்கள். 1416ல் ஒரு தீயில் ஊர் பெரும்பாலும் எரிந்து போனது. அதுக்கப்புறம் கல்லால் கட்டினார்கள். உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க ஐந்து நிமிஷம் போதும்.

அதிசயம் என்னவென்றால் மதில். ஸ்விட்சர்லாந்தில் பெரிய ஊர்கள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் மதிலை இடித்துத் தள்ளிவிட்டன. பெர்னில் இடித்தார்கள், ஜெனீவாவில் இடித்தார்கள். ஊர் பெருகுது, வண்டி போக வழி வேணும், என்ன பண்றது. மூர்ட்டன் அந்த அளவுக்குப் பெருகவே இல்லை. அதனால் நிலப்பக்கம் மதில் ஏறக்குறைய முழுசாக, கோபுரங்களோடு நிற்கிறது. ஜெர்மன் தேவாலயத்துக்குப் பின்னால் படி ஏறினால் மதிலின் மேல் மரப்பலகை போட்டு ஓட்டுக்கூரை வேய்ந்த நடைபாதை. கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது. அன்றைக்கு என்னைத் தவிர ஒரு பாட்டியும் அவரோட நாயும் மட்டும்தான். (அந்தத் தேவாலயத்து வீட்டில்தான் 1797ல் யெரெமியாஸ் கோட்ஹெல்ஃப் பிறந்தார். ஸ்விஸ் கிராம வாழ்க்கையை எழுதிய பெரிய நாவலாசிரியர். அவரைப் பற்றித் தனியாத்தான் பேசணும்.)

எங்க ஊர் வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த மதில் ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒல்லியாகத்தான் இருந்தது. கையை வைத்துத் தட்டிப் பார்த்தபோது, இதை வைத்துக்கொண்டா ஐரோப்பாவின் பெரிய பீரங்கிப் படையை நிறுத்தினார்கள் என்றுதான் தோன்றியது.

சரி, கதைக்கு வருவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சுக்கும் ஜெர்மானியப் பேரரசுக்கும் நடுவில் ஒரு பணக்கார ராஜ்ஜியம் முளைத்துக்கொண்டிருந்தது. பர்கண்டி. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்தின் பெரும்பகுதியும் அவர்கள் கையில். அதன் பிரபு சார்லஸ், பட்டப்பேர் "துணிச்சல்காரர்". வடக்கே இருக்கிற நாடுகளையும் தெற்கே இருக்கிற நாடுகளையும் ஒன்றாக இணைத்து ராஜாவாக முடிசூடிவிட வேண்டும் என்பது ஆசை. ஆசையின் வழியில் பெர்னும் மற்ற ஸ்விஸ் கூட்டாளிகளும் குறுக்கே நின்றார்கள்.

பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் "ஸ்விஸ் மக்கள் தங்கள் நாட்டைக் காத்தார்கள்" என்று போட்டுவிடுவார்கள். ஆனால் மூர்ட்டன் அப்போது ஸ்விஸ் ஊரே இல்லை! அது சவோய் வம்சத்தின் சொத்து. ஏரியைப் பார்த்தபடி நிற்கிற கோட்டை மாளிகையை 1262ல் கட்டியவரே சவோயின் இரண்டாம் பீட்டர்தான். பெர்ன்காரர்களும் ஃப்ரிபூர்காரர்களும் 1475 அக்டோபரில்தான் படையோடு வந்து ஊரைப் பிடித்தார்கள். அதாவது முற்றுகைக்கு எட்டு மாதம் முன்னால். அதற்கு முன் ஊரின் பிரபுவாக இருந்த ரோமோன் கோமகன் ஜாக், சார்லஸின் பக்கம். மதிலுக்கு வெளியே முற்றுகையிட்டவர்களில் அவரும் ஒருவர். அப்போ உள்ளே இருந்த சனங்களுக்கு யார் எதிரி, யார் எஜமான்? அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் பெர்ன் ஒரு ஆளைத் தேடியது. அவர்தான் ஆட்ரியான் ஃபொன் பூபன்பெர்க். வேடிக்கை பாருங்கள், இந்த மனுஷன் இளம் வயதில் பர்கண்டி அரண்மனையில் இருந்து பழகியவர். சார்லஸோடு சண்டை வேண்டாம் என்று பெர்ன் சபையில் வாதாடியவர். அதற்காகவே 1475ல் அவரைச் சபையிலிருந்து வெளியே தள்ளினார்கள். சண்டை வீட்டு வாசலுக்கு வந்ததும் "நீங்கதான் போகணும்"னு கூப்பிட்டார்கள். போனார். கூட சுமார் இரண்டாயிரம் பேர். உள்ளே போனதும் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சரணடையலாம் என்று பேசுகிறவன் யாராக இருந்தாலும் கொல்லப்படுவான் என்பது. பெர்ன் படத்துக்குச் சரியான வசனம்தான். ஆனால் அந்த மிரட்டல் எதிரிக்கு இல்லை, ஊர்க்காரர்களுக்கு.

அவர் அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணமும் இருந்தது. 1476 பிப்ரவரி கடைசியில் க்ரான்சோன் என்ற இன்னொரு ஏரிக்கரைக் கோட்டையில் இருந்த ஸ்விஸ் வீரர்கள் சரணடைந்தார்கள். நானூறு பேருக்கு மேல். சார்லஸ் அவர்களை மரத்தில் தூக்கில் போட்டும் ஏரியில் மூழ்கடித்தும் கொன்றார். சில நாள் கழித்து, மார்ச் 2ஆம் தேதி, மீட்க வந்த ஸ்விஸ் படை அவரை அங்கேயே ஓட விட்டது. பீரங்கி, நகை, கம்பளம், வெள்ளிப் பாத்திரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். ஓடிய படையில் செத்தவர்கள் குறைவு. ஆனால் ஜெயித்தவர்கள் மரத்தில் தொங்கிய தங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டார்கள். மூர்ட்டனில் நடந்ததற்கு விதை அங்கேதான்.

மூன்று மாதத்தில் சார்லஸ் புதுப் படை திரட்டி, ஜூன் இரண்டாம் வாரம் மூர்ட்டனைச் சுற்றி வளைத்தார். சுமார் இருபதாயிரம் பேர். பெரிய பீரங்கிகள் மதிலில் ஓட்டை போட்டன. ஜூன் 18 இரவு ஓட்டை வழியாக ஏற முயன்றார்கள், உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டினார்கள். ஏரிப்பக்கம் முழுசாக அடைபடவில்லை. இரவில் படகில் கடிதமும் ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒல்லி மதிலின் ரகசியம் பாதி அந்த ஏரிதான்.

மீட்புப் படை இருபதாயிரத்துக்கு மேல் திரண்டு காட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ஜூன் 21 அன்று சார்லஸ் தன் படையை வேலிக்குப் பின்னால் அணிவகுத்து மணிக்கணக்காக நிறுத்தினார். யாரும் வரவில்லை. மறுநாள் 22 காலை விடாத மழை. இந்த மழையில் எவன் வருவான் என்று வேலியில் கொஞ்சம் பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சம்பள நாள் வேற. சார்லஸின் கூடவே இருந்த மிலன் தூதர் பனிகரோலா தன் எஜமானுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பர்கண்டிப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் புண்ணியத்தில்.

நடுப்பகலில் மழை விட்டது. காட்டுக்குள்ளிருந்து ஸ்விஸ் ஈட்டிப்படை இறங்கியது. வேலியில் இருந்த பீரங்கிகளும் ஆங்கிலேய வில்லாளிகளும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தார்கள். அப்புறம் வேலி உடைந்தது. பின்னால் கூடாரங்களில் இருந்தவன் கவசம் மாட்டுவதற்குள், சம்பளக் காசை முடிந்துகொள்வதற்குள், ஈட்டி வந்துவிட்டது. பூபன்பெர்க்கின் ஆட்களும் மதில் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார்கள். சார்லஸ் குதிரையில் தப்பிவிட்டார்.

மற்றவர்கள் எங்கே போவது? ஒரு பக்கம் ஈட்டி, இன்னொரு பக்கம் ஏரி. டீபோல்ட் ஷில்லிங் எழுதிய பெர்ன் சரித்திர ஏட்டில் ஒரு படம் இருக்கிறது. கவசம் போட்டவர்கள் தண்ணீரில் கழுத்தளவு, குதிரையோடும் குதிரை இல்லாமலும். தப்பி மரத்தில் ஏறியவர்களைச் சுட்டு விழுத்தினார்கள். நீந்தியவர்களைப் படகில் போய்க் கொன்றார்கள். கைதி பிடிப்பதில்லை என்பது முடிவாகவே இருந்தது, க்ரான்சோனுக்குப் பதில். செத்தவர்கள் பத்தாயிரம் அளவில் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஸ்விஸ் பக்கம் சில நூறு பேர். ரொம்ப காலத்துக்கு இந்தப் பகுதியில் "மூர்ட்டன் மாதிரி கொடூரம்" என்றே ஒரு பேச்சு வழக்கு இருந்ததாம்.

அந்தப் பத்தாயிரம் பேர் யார்? "பர்கண்டியர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில் இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்து வில்லாளிகள், பிக்கார்டிக்காரர்கள், ஃபிளாண்டர்ஸ்காரர்கள், சவோய்க்காரர்கள் இருந்தார்கள். சார்லஸின் முடியைப் பற்றி இவர்களில் எத்தனை பேருக்குக் கவலை இருந்திருக்கும்? மாதச் சம்பளம் பாக்கி. அதை வாங்க வரிசையில் நின்ற அன்றைக்கே செத்துப் போனார்கள்.

அடுத்த ஆண்டு, 1477 ஜனவரி 5, நான்சியில் சார்லஸும் செத்தார். இரண்டு நாள் கழித்துப் பனி உறைந்த ஒரு ஓடைக்கரையில் உடலைக் கண்டுபிடித்தார்கள். முகத்தை ஓநாய் தின்றிருந்ததால் மருத்துவர் நகத்தையும் பழைய காயத்தையும் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார். க்ரான்சோனில் சொத்து போச்சு, மூர்ட்டனில் தைரியம் போச்சு, நான்சியில் ரத்தம் போச்சு என்று ஸ்விஸ் குழந்தைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம். பூபன்பெர்க்? 1479ல் கடனாளியாகச் செத்தார். சிலை வைத்தது 1897ல்.

மதிலிலிருந்து இறங்கி பெரிய தெருவுக்கு வந்து, ஒரு பேக்கரியில் அந்த ஊர்ப் பலகாரம் ஒன்று வாங்கினேன். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த மாவின் மேல் பாலாடையை ஊற்றிச் சுட்டு, திரும்ப ஊற்றிச் சுட்டுச் செய்வது. மாணவன் பர்ஸுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் குளிருக்கு அமிர்தம். கடைக்காரம்மா ஜூனில் வந்திருக்கணும் என்றார். ஒவ்வொரு ஜூன் 22ஆம் தேதியும் ஊரில் திருவிழா. காலையில் வெடி முழங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, தலையில் பூவளையம் வைத்து ஊர்வலம் போவார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளும்தான். அக்டோபரில் மூர்ட்டனிலிருந்து ஃப்ரிபூருக்கு 17 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டப்பந்தயம், 1933லிருந்து நடக்கிறது. வெற்றிச் செய்தியை எலுமிச்சை மரக் கிளையோடு (நம்ம எலுமிச்சை இல்லை, லிண்டன் என்கிற நிழல் மரம்) ஓடிப்போய்ச் சொல்லி அங்கேயே விழுந்து செத்த ஒரு வீரனின் நினைவாக. மாரத்தான் கதை மாதிரியே இருக்கிறதே என்றால், ஆமாம், அதேதான் :-)

எல்லாம் சரி. அந்தப் பத்தாயிரம் உடல்கள் என்ன ஆயின? நான் பார்க்கப் போனது அதைத்தான்.

செத்தவர்களைப் பெரிய பெரிய குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். சில வருஷம் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்து, ஏரிக்கரையில் பெருவழி ஓரமாக ஒரு எலும்பு மாடம் கட்டி அதில் அடுக்கினார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்கட்டும், எங்களிடம் மோதினால் இதுதான் கதி என்று. முந்நூறு வருஷத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. நடுவில் பழுதுபார்த்தார்கள். பெர்னின் பெரிய மருத்துவரும் கவிஞருமான ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர் அதற்கென்றே ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு எலும்பை எடுத்துப் போனார்கள். ஐரோப்பாவுக்கே அது ஒரு சுற்றுலாத் தலம்.

1798ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஸ்விட்சர்லாந்துக்குள் நுழைந்தது. மூர்ட்டன் வழியாக வந்த படைப்பிரிவில் பர்கண்டிக்காரர்கள் இருந்தார்கள். முன்னூற்று இருபது வருஷத்துக்கு முந்தைய அவமானம் அவர்களுக்கு இன்னும் உறுத்தியது. மாடத்தை இடித்துக் கொளுத்திவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அது அவர்களுடைய சொந்தப் பாட்டன்களின் எலும்பு (அதில் லொம்பார்டிக்காரன் எலும்பும் உண்டு என்பதெல்லாம் வேற கதை). அடக்கம் பண்ணணும்னு தோணவில்லை. சாட்சியை அழிக்கணும்னு மட்டும்தான் தோன்றியது.

இதை நான் திரும்பி வந்து சமையற்கட்டில் அண்ணரிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, "செத்தவனுக்குக் கூடப் பயப்பிடுறாங்கள் பாருங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் கோப்பாய். கோப்பாயில் இருந்த துயிலும் இல்லம் என்ன ஆனது, அந்த இடத்தில் எது வந்தது என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூர்ட்டன் எலும்புகளை வைத்திருந்தவர்கள் மரியாதைக்காக வைத்திருக்கவில்லை, மிரட்டுவதற்காக வைத்திருந்தார்கள். இடித்தவர்களும் பகையால் இடிக்கவில்லை, வெட்கத்தால் இடித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அந்தப் பாவப்பட்ட கூலிக்காரன் எலும்பு.

இடித்த பிறகும் கரையில் எலும்பு கிடந்தது. 1816ல் இந்த வழியாக ஜெனீவா போன ஆங்கிலக் கவிஞர் பைரன் அதைப் பார்த்திருக்கிறார். தபால் வண்டி ஓட்டுகிறவர்கள் எலும்பைப் பொறுக்கிப் போய்க் கத்திப்பிடி செய்ய விற்கிறார்கள், வெயிலிலும் மழையிலும் கிடந்து நன்றாக வெளுத்திருப்பதால் கிராக்கி அதிகம் என்று அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். கண்டித்துவிட்டுச் சும்மா போனாரா? இல்லை. அவரும் கால்வாசி ஆள் தேறுகிற அளவுக்கு எடுத்துக்கொண்டு போனார், பத்திரமாகப் பாதுகாக்கிறேன் என்று சொல்லி. கவிஞர்களை நம்பக் கூடாது.

ஊரிலிருந்து மேரியே கிராமத்தைத் தாண்டி லோசான் போகிற சாலையோரமாக அரை மணி நேரம் நடந்தால் அந்த இடம் வரும். மாடம் இருந்த இடத்தில் 1822ல் ஃப்ரிபூர் அரசு ஒரு கல் ஸ்தூபி நட்டது. மிச்சம் மீதி எலும்புகள் அதற்கு அடியில். நான் போனபோது பனித்துளி கல்லில் வழிந்துகொண்டிருந்தது, சுற்றி ஈ காக்கா இல்லை. பின்னால் ஏரி இருக்கிறது என்பது வாத்துச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. கல்லில் லத்தீனில் நாலு வரி. முன்னோர்களின் ஒற்றுமையால் 1476 ஜூன் 22 அன்று கிடைத்த வெற்றியை ஃப்ரிபூர் குடியரசு இந்தப் புதுக் கல்லால் குறிக்கிறது என்று அர்த்தம். அடியில் கிடப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரொட்டியைப் பையிலிருந்து எடுத்தவன் அங்கே சாப்பிட மனசு வராமல் திரும்ப உள்ளே வைத்தேன்.

அந்த "முன்னோர்களின் ஒற்றுமை"யும் கொஞ்சம் ஜிகினாதான். வெற்றிக்கப்புறம் மூர்ட்டன் யாருக்கு என்று கூட்டாளிகளுக்குள்ளேயே இழுபறி. கடைசியில் 1484லிருந்து பெர்னும் ஃப்ரிபூரும் சேர்ந்து ஆள்வது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆளுநரை மாற்றி மாற்றி அனுப்புவது என்று முடிவாகி, 1798 வரை அப்படியே ஓடியது. ஃப்ரிபூர் கத்தோலிக்கம். மூர்ட்டனோ 1530ல் பெர்ன் செல்வாக்கில் புராட்டஸ்டண்ட் ஆகிவிட்டது. சவோய் காலத்தில் பிரெஞ்சு கோலோச்சிய ஊரில் ஜெர்மன் மேலே வந்தது. 1803ல் ஊரை ஃப்ரிபூர் மாநிலத்தோடு சேர்த்தார்கள். மதில் காப்பாற்றிய ஊர்தான், ஆனால் யாருக்காகக் காப்பாற்றியது என்பதை ஊர் ஒருபோதும் தானாக முடிவு பண்ணவில்லை.

இந்த வெற்றியால் இன்னொன்றும் நடந்தது. ஸ்விஸ் ஈட்டிக்காரனுக்கு ஐரோப்பா முழுக்க மார்க்கெட் ஏறிவிட்டது. யார் காசு கொடுத்தாலும் அவனுக்காகச் சண்டை போடுகிற தொழில் அடுத்த முந்நூறு வருஷத்துக்கு இந்த ஏழை மலைநாட்டின் முக்கிய ஏற்றுமதி. மூர்ட்டனில் செத்த லொம்பார்டிக்காரன் செய்த அதே வேலை! அந்த வால் நம்ம பக்கம் வரை நீண்டது. மூர்ட்டன் ஏரி ஒரு கால்வாயால் நோஷத்தேல் ஏரியோடு இணைந்திருக்கிறது. அந்த நோஷத்தேலைச் சேர்ந்த சார்ல்-தானியேல் தெ மூரோன் 1781ல் டச்சுக் கம்பெனிக்காக ஒரு கூலிப்படை திரட்டினார். அது இலங்கையில் டச்சுக்காரர்களுக்குக் காவல் இருந்தது. 1795ல் மூரோன் விலை பேசி, படையை அப்படியே ஆங்கிலேயரிடம் மாற்றிவிட்டார். டச்சு இலங்கை சரிந்ததில் இதுக்கும் ஒரு பங்கு. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மதிலை உடைத்துக்கொண்டு ஏறிய ஆங்கிலப் படையில் அந்த ஸ்விஸ்காரர்களும் இருந்தார்கள். அண்ணர் இதைக் கேட்டுச் சிரித்தார். "அப்ப நாங்கள் கணக்குத் தீர்க்கத்தான் இஞ்ச வந்திருக்கிறம்" என்றார்.

போரைப் பற்றி ஊருக்கு ஒரு பெரிய படமும் இருக்கிறது. 1893, 94ல் லூயி பிரவுன் என்ற ஜெர்மன் ஓவியர் தீட்டிய வட்ட ஓவியம். பத்து மீட்டர் உயரம், நீளம் கிட்டத்தட்ட நூறு மீட்டர், நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கணும். சினிமா வந்ததும் அதற்கு மவுசு போய்ப் பல பத்தாண்டு சுருட்டியே கிடந்தது. 2002ல் நடந்த தேசியக் கண்காட்சிக்குப் பழுதுபார்த்து, ஏரியின் நடுவில் ஜான் நூவெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கட்டிய துருப்பிடித்த இரும்புக் கனசதுரத்துக்குள் மாட்டினார்கள். கண்காட்சி முடிந்ததும் கனசதுரத்தைப் பிரித்தார்கள், படத்தைத் திரும்பச் சுருட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதை அங்குலம் அங்குலமாக டிஜிட்டல் பண்ணியிருக்கிறது. நூறு மீட்டர் படத்தில் ஏரிப்பக்கம்தான் என் கண் போகிறது. அங்கேயும் சாகிறவர்கள் கூட்டமாகத்தான் சாகிறார்கள், முகம் ஜெயிக்கிறவர்களுக்கு.

ஸ்தூபியிலிருந்து திரும்பி வரும்போது கரையோரமாகவே நடந்தேன். 1868லிருந்து 1891 வரை நடந்த பெரிய நீர்த்திட்டத்தில் இந்த ஏரிகளின் மட்டத்தை இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கினார்கள், வெள்ளம் வராமல் இருக்க. அதனால் 1476ல் தண்ணீராக இருந்த கரை கொஞ்சம் இப்போது புல்தரை. அதன் மேல்தான் நடைபாதையும் படகு கட்டும் இடமும். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. நான் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தேன்.

ஏன் சிவப்பு? இந்த ஏரியில் சில குளிர்காலங்களில், வசந்தம் தொடங்கும்போதும், தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு படலம் மிதக்கும். மூழ்கிச் செத்த பர்கண்டியர்களின் ரத்தம் மேலே வருகிறது என்று மீனவர்கள் சொன்னார்கள், "பர்கண்டி ரத்தம்" என்றே பேர் வைத்தார்கள். 1825ல் ஏரி நன்றாகச் சிவந்தபோது ஜெனீவாவின் தாவரவியலாளர் ஒகுஸ்டின் தெ கந்தோல் அதை ஆராய்ந்து, இது நுண்ணிய பாசி என்று சொல்லிப் பேரும் வைத்தார். இன்றைய பேர் பிளாங்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ். நீலப்பச்சைப் பாசி வகைதான், ஆனால் ஒரு சிவப்பு நிறமி வைத்திருக்கிறது. அதனால் வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் பிழைக்கும். கோடையில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் ஒரு அடுக்காகத் தங்கியிருக்கும், மேலே இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. குளிர்ந்து மேல் தண்ணியும் கீழ்த் தண்ணியும் கலக்கும்போது, உள்ளே இருக்கிற காற்றுப் பைகளால் மிதந்து மேலே வரும். அதனால்தான் போர் நடந்த ஜூனில் இல்லாமல் குளிரில் வருகிறது.

கல்லில் பேர் இல்லாத அந்தப் பர்கண்டியர்களுக்கு மிச்சமிருப்பது இந்தப் பாசியின் பேர்தான். சூரிச் ஏரியிலும் இதே பாசி நிறைய உண்டு. அங்கே பர்கண்டிக்காரன் ஒருவனும் மூழ்கவில்லை, ஆனாலும் ஏரி சிவந்தால் செய்தித்தாளில் "பர்கண்டி ரத்தம்" என்றுதான் போடுகிறார்கள். பாசியில் கல்லீரலைத் தாக்குகிற நஞ்சு வேற இருக்கிறது. சூரிச் நகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஏரியிலிருந்துதான் வருது. அதனால் நீர்த்துறைக்காரர்கள் வருஷம் பூரா, பாசி இப்போது எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள்.